ஆர்டர் வந்துவிட்டது என்றாய், தம்பி

தூத்துக்குடி,
9.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு மட்டும் மழை தொடங்கியதிலிருந்து முழங்கால் வலி கூடியிருக்கிறது.

மறுபடி பணியில் சேர ஆர்டர் வந்துவிட்டது என்று நீ போனில் சொன்ன அன்று சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன். ஆனால் பேச்சு முடிகிற நேரத்தில் நீ சொன்ன ஒரு வார்த்தை அப்போதிருந்து நெஞ்சுக்குள் கிடந்து அறுக்கிறது. “இனிமேல் சொன்னதைச் செய்வேன், மாசக் கடைசியில சம்பளத்த வாங்குவேன், அவ்வளவுதான்க்கா” என்றாய். இதற்குப் பதிலை போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கடிதம். போலீஸ் ஸ்டேஷனில் வைத்துப் பிரிக்காதே. வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் ஒன்றை எழுதி வைத்துவிடுகிறேன். அந்தப் பெண்ணின் சாவில் நீ செய்தது சரி. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாத பெண் தூக்கில் தொங்கினால் கோட்டாட்சியர் விசாரணை வேண்டும் என்பது சட்டம். “தீராத வயிற்றுவலி” என்று ஒரு வரி எழுதி, அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் முடித்துவிடச் சொன்னார்கள். நீயோ அந்தப் பெண்ணின் தாய் சொன்னதை அவள் சொன்னபடியே புகாரில் எழுதினாய். அதற்குப் பிறகுதானே உன்மேல் பணம் வாங்கியதாக ஒரு மொட்டைக் கடிதம் வந்தது, சஸ்பென்ஷன் வந்தது, பெரிய தண்டனைக்கான 3(பி) சார்ஜ் மெமோ வந்தது? பிழைப்பூதியத்தில் நீங்கள் வீட்டை ஓட்டியதும், மகளின் டியூஷனை நிறுத்தியதும், தெருவில் எதிரே வந்தவர்கள் செல்போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு போனதும் எனக்குத் தெரியும். விசாரணை அதிகாரி குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதிவிட்டார். ஆனால் உன்னிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. உனக்கு வலிப்பது அதுதான். ஆர்டரில் அதைத் தேடியிருக்கிறாய், இல்லை.

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், கேள். அதை எந்த ஆர்டரிலும் பார்க்க முடியாது. பணிநீக்கம், தற்காலிகப் பணிநீக்கம், மீளப் பணியமர்த்தல் என்று எத்தனையோ வரைவுகள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றிலும் “தவறு எங்களுடையது” என்ற வாசகம் கிடையாது. அதற்கு இடம் விட்டு எந்தப் படிவமும் அச்சாகவில்லை.

உனக்கு ஒரு நாவலைச் சொல்ல வேண்டும் என்று அன்றே தோன்றிவிட்டது. ஆங்கிலத்தில் உள்ளது, உனக்கு அதில் பொறுமை இருக்காது, அதனால் கதையையே எழுதுகிறேன். கொன்றவன் யார் என்பதை மட்டும் சொல்லப்போவதில்லை. அதற்காகவாவது நீ ஒருநாள் படிக்க வேண்டும்.

எழுதியவர் மார்ட்டின் குரூஸ் ஸ்மித். அமெரிக்கர், இந்த ஜூலையில்தான் காலமானார், வயது 82. அவர் உண்டாக்கிய அர்க்காடி ரென்கோ என்ற ரஷ்யப் புலனாய்வாளன் 11 நாவல்களில் வருகிறான். முதலாவது ‘கார்க்கி பார்க்’, 1981-இல் வந்தது. அதற்காக அவர் மாஸ்கோவைப் பார்த்தது 1973-இல் சுற்றுலாப் பயணியாகப் போன இரண்டே வாரம். மீதியை அங்கிருந்து வெளியேறி வந்த ரஷ்யர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சோவியத் நாட்டில் அந்தப் புத்தகத்துக்குத் தடை.

அந்த முதல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்கோவின் கார்க்கி பூங்காவில் பனி உருகும்போது மூன்று பிணங்கள் கிடைக்கின்றன. முகத்தைச் சிதைத்து விரல் நுனிகளை வெட்டியிருக்கிறார்கள். அர்க்காடி அப்போது நகரத்தின் கொலை வழக்குகளை விசாரிக்கும் தலைமைப் புலனாய்வாளன். அப்பா ஸ்டாலின் காலத்துத் தளபதி. மகன் நினைத்தால் பெரிய பதவிக்குப் போயிருக்கலாம், போகவில்லை. வழக்கைத் தோண்டத் தோண்ட அது ஒரு பணக்கார அமெரிக்க ரோம வியாபாரியிடமும், கடைசியில் அர்க்காடியின் மேலதிகாரியிடமும் போய் நிற்கிறது. அவன் விடவில்லை. உண்மை வெளியே வருகிறது. அவனுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? கட்சியிலிருந்து நீக்கம், வேலை போனது, மனநல விடுதியில் அடைத்து ஊசி போட்டு விசாரணை. அவன் நேசித்த இரினா அமெரிக்காவில் தங்கிவிடுகிறாள், இவன் தெரிந்தே நாடு திரும்பி இதையெல்லாம் வாங்கிக்கொள்கிறான்.

நான் உனக்குச் சொல்ல நினைத்தது இரண்டாவது நாவல். பெயர் ‘போலார் ஸ்டார்’, வந்த வருஷம் 1989. தொடங்கும்போது அர்க்காடி மாஸ்கோவிலும் இல்லை, சைபீரியாவிலும் இல்லை. சைபீரியாவில் கிடைத்த கூலி வேலைகளையெல்லாம் செய்து, அங்கேயும் விடாமல் தேடுகிறார்கள் என்று தெரிந்து, கடலுக்கே ஓடிவந்துவிட்டான். அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பெரிங் கடலில் ‘போலார் ஸ்டார்’ என்ற சோவியத் மீன் பதப்படுத்தும் கப்பலில் கடைநிலைத் தொழிலாளி.

கப்பலின் ஏற்பாடே விசித்திரமானது, ஆனால் உண்மையில் நடந்தது. 1976-இல் அமெரிக்கா தன் கரையிலிருந்து 200 மைல் வரை மீன்வளம் தனக்கே என்று சட்டம் கொண்டுவந்தது. அதுவரை அங்கே பிடித்துக்கொண்டிருந்த சோவியத் கப்பல்களுக்கு இடம் குறைந்துகொண்டே வந்தது. அமெரிக்க மீனவர்களிடமோ அந்தக் கடலில் மலைபோல் கிடைக்கும் பொல்லாக் மீனைப் பதப்படுத்த ஆலைகள் போதவில்லை. பனிப்போர் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, இரண்டு நாடும் கூட்டுத் தொழில் தொடங்கின. சின்ன அமெரிக்கப் படகுகள் இழுவைமடி போட்டுப் பிடிக்கும். நிறைந்த மடியை அப்படியே கழற்றி, வடத்தில் கட்டி, சோவியத் கப்பலின் பின்புறச் சரிவுக்கு அனுப்பிவிடும். ஆட்கள் ஒருவர் கப்பலில் ஒருவர் ஏறாமலே சரக்கு கைமாறிவிடும். நம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு வந்து மடியை அவிழ்ப்பதைச் சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பார்த்தவன் நீ. அதையே நாலு மாடிக் கட்டட உயரத்தில், ஐஸ் படிந்த இரும்புத் தளத்தில் நடப்பதாக நினைத்துக்கொள்.

அப்படி மேலே வந்த ஒரு மடியை அவிழ்க்கும்போது மீன்களுக்கு நடுவே ஒரு பெண் பிணம் வந்து விழுகிறது. ஜீனா பாட்டியாஷ்விலி. அதே கப்பலின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவள். அமெரிக்க மீனவர்களும் வந்து கலந்துகொண்ட நடன விருந்தில் எல்லோரோடும் ஆடியவள்.

கப்பலில் போலீஸ் கிடையாது. கேப்டன் விக்டர் மார்ச்சுக்குக்குத் தன் ஆட்களில் ஒருவன் ஒருகாலத்தில் மாஸ்கோ புலனாய்வாளன் என்பது தெரியவருகிறது. அர்க்காடி அப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டால், கப்பலின் வயிற்றுக்குள், சன்னல் இல்லாத தளத்தில், மீன் ஆய்கிற வரிசையில் நிற்கிறான். ரம்பத்தில் தலையையும் வயிற்றையும் அறுத்து, குடலை எடுத்து, கழுவி, தட்டில் அடுக்கி, கட்டியாக உறையவைக்க அனுப்ப வேண்டும். விரல் மரத்துப்போகும் குளிர், ஓயாத தண்ணீர், காலடியில் குடலும் செதிளும். எல்லோரும் வெறுக்கிற அந்த இடம் அவனுக்குப் பிடித்திருக்கிறது. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தலையைக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தால் போதும், நேரத்துக்குச் சாப்பாடு.

தம்பி, நீ போனில் சொன்னாயே, அந்த வாழ்க்கைதான் இது. அர்க்காடி அதில் மாதக்கணக்கில் இருந்து பார்த்துவிட்டான்.

கேப்டன் கூப்பிட்டுவிட்டதும் அவன் துள்ளிக் குதித்துப் போகவில்லை. நான் இப்போது புலனாய்வாளன் இல்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்கிறான். எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. அநியாயமாக வெளியே தள்ளப்பட்டவனைத் திரும்பக் கூப்பிட்டால் அவன் நெஞ்சு நிமிர்த்தி வந்து நிற்பான் என்று சினிமாக்காரர்கள் காட்டுவார்கள். ஸ்மித் மனிதர்களை அறிந்தவர். அடிபட்டவனுக்கு முதலில் வருவது பயம். மறுபடி கூப்பிடுகிறவர்களின் முகத்தை அவன் சந்தேகத்தோடுதான் பார்ப்பான். பார்க்கவும் வேண்டும், ஏனென்றால் அவர்கள் கூப்பிடுவது அவன்மேல் இருந்த மரியாதையில் இல்லை.

கேப்டனுக்குக் காகிதம் முடிய வேண்டும். கப்பலின் அரசியல் அதிகாரி வொலோவோய், கட்சியின் கண். அவனுக்கு இது விபத்தாகவோ தற்கொலையாகவோ இருந்தாக வேண்டும். விசாரணைக்குப் பொறுப்பாகப் பெயருக்கு ஸ்லாவா புகோவ்ஸ்கி என்ற இளம் அதிகாரியைப் போட்டிருக்கிறார்கள். அவன் கையெழுத்துப் போடுவான், அர்க்காடி உழைத்துக் கொடுக்க வேண்டும். நல்லது நடந்தால் பெயர் ஸ்லாவாவுக்கு, கெட்டது நடந்தால் பழி அர்க்காடிக்கு. இந்த ஏற்பாட்டை உனக்கு நான் விளக்கவே வேண்டாம்.

இதற்கு நடுவில் இன்னொரு விஷயம் இருக்கிறது, நாவலின் உயிரே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதக்கணக்கில் தரையை மிதிக்காத தொழிலாளிகளுக்கு அலாஸ்காவின் டச்சு ஹார்பர் துறைமுகத்தில் ஒருநாள் இறங்கக் கிடைக்கப்போகிறது. காலுறை, ஜீன்ஸ், டேப் ரெக்கார்டர் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டியல். வெளிநாட்டுச் சாமான் என்றால் ஊரில் அதற்கு இருந்த மதிப்பு அப்படி. அந்தப் பெண் தவறி விழுந்து செத்தாள் என்று எழுதிவிட்டால் எல்லோரும் இறங்கலாம். கொலை என்று எழுதினால் கரை இறங்குவது ரத்தாகலாம். அதாவது உண்மையை எழுதுகிறவன் மேலதிகாரிக்கு மட்டும் எதிரி இல்லை, பக்கத்துப் படுக்கையில் தூங்குகிறவனுக்கும் எதிரி. கெட்டவர்கள் என்று சொல்ல முடியாத, நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள் ஒரு சோடிக் காலுறைக்காக ஒரு பெண்ணின் கொலையை மூடிவிடத் தயாராகிறார்கள். அர்க்காடிக்கோ எப்படியானாலும் இறங்க அனுமதி கிடையாது. அவன் காகிதத்தில் அரசியல் நம்பகம் இல்லாதவன் என்று இருக்கிறது. அவன் போராடுவதில் அவனுக்கு ஒரு காசு லாபம் இல்லை.

உன்னோடு வேலை பார்த்தவர்கள் உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று புழுங்கினாய். அவர்களுக்கும் ஒரு டச்சு ஹார்பர் இருந்திருக்கும், தம்பி. பதவி உயர்வுப் பட்டியலோ, சொந்த ஊருக்கு மாற்றலோ. அவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை. ஏன் வாயை மூடினார்கள் என்பது புரிந்தால் தூக்கம் கொஞ்சம் வரும்.

இனி அவன் எப்படித் திரும்பினான் என்பதைச் சொல்கிறேன். கேப்டன் அறையில் அவன் சம்மதித்ததை நான் திரும்புதலாக நினைக்கவில்லை. பிணத்தின் முன் நின்றபோதுதான் அது நடக்கிறது. சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் இந்தப் பிணத்தால் தங்களுக்கு வரப்போகும் தொல்லையைப் பற்றிப் பேசுகிறார்கள். இவன் ஒருவன்தான் பிணத்தைப் பார்க்கிறான். உடம்பில் உள்ள காயங்களைப் படிக்கிறான். இது கடலில் விழுந்த சாவு இல்லை என்று கண் சொல்லிவிடுகிறது. அந்தக் கண் அவனிடமிருந்து போகவே இல்லை. பதவியைப் பிடுங்கியவர்களால் அதைப் பிடுங்க முடியவில்லை. மருந்தேற்றி விசாரித்தவர்களாலும் முடியவில்லை. பார்த்துவிட்ட பிறகு பார்க்காதவன்போல் வரிசைக்குத் திரும்பிப்போய் மீன் அறுக்க அவனால் முடியாமல் போகிறது. அவ்வளவுதான் காரணம். பெரிய லட்சியப் பேச்சு எதுவும் அவன் வாயில் வராது.

பிறகு அந்த ஜீனாவைத் தேடிப் போகிறான். கப்பலில் எல்லோரும் அவளைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: நாலு பேரோடு பழகியவள். அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை என்பதுபோல். அர்க்காடி மேற்கொண்டு கேட்கிறான். அவள் பொருட்களைப் பார்க்கிறான், அவளுடைய கேசட்டுகளைப் போட்டுக் கேட்கிறான், அவள் கடைசியாக நின்ற இடத்தில் போய் நிற்கிறான். பக்கம் போகப் போக, மீனோடு வந்து விழுந்த ஒரு பிணம் புத்திசாலியான, துணிச்சலான, கணக்குப் போட்டு வாழ்ந்த ஒரு பெண்ணாக எழுந்து வருகிறாள். கொன்றவனைக் கண்டுபிடிப்பதைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது. உன் வழக்கில் அந்தத் தாய் மகளைப் பற்றி என்னென்னவோ சொன்னாள் என்று அப்போது என்னிடம் சொல்லியிருக்கிறாய். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள், தையல் மெஷின் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள் என்று. வயிற்றுவலி என்ற ஒரு சொல்லுக்குள் அதையெல்லாம் போட்டு மூடச் சொன்னார்கள். நீ மூடவில்லை.

நடாஷா சைகோவ்ஸ்கயா என்று ஒருத்தி வருகிறாள். மீன் வரிசையில் இவனோடு நிற்பவள், பெரிய உடம்புக்காரி, கட்சி விசுவாசி, ஸ்டாலினைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது. கட்சி நீக்கிய ஒருவனை அவள் எப்படிப் பார்ப்பாள்? முதலில் அவளும் கண்காணிக்கிறாள். ஆனால் இவன் வேலை செய்கிற விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்தே அவள் மனம் மாறுகிறது. அவன் தன் கதையைச் சொல்லி அவளைத் தன் பக்கம் இழுக்கவில்லை. எனக்குப் பிடித்த பாத்திரம் அவள்தான். நம் பெரியம்மாவின் அதட்டல் அப்படியே அவளிடம் இருக்கிறது.

கார்ப் கொரொபெட்ஸ் வேறு ரகம். உடம்பு முழுக்கப் பச்சை குத்திய பழைய கிரிமினல். அர்க்காடி மாஸ்கோவில் இருந்தபோது பிடித்து உள்ளே அனுப்பியவன். இப்போது இந்தக் கப்பலில் மடி இழுக்கும் அணிக்குத் தலைவன், உற்பத்தியில் முதலாமவன், எல்லோரும் கொண்டாடும் தொழிலாளி. பிடித்தவன் கீழ்த்தளத்தில் குடல் அறுக்கிறான், பிடிபட்டவன் மேல்தளத்தில் வீரன். ஒருமுறை அர்க்காடியை உறைகிடங்குக்குள் அடைத்துச் சாகவிடப் பார்க்கிறார்கள். அந்தக் குளிரைப் படித்த ராத்திரி எனக்குப் போர்வை போதவில்லை. நீ சஸ்பென்ஷனில் இருந்தபோது, நீ உள்ளே அனுப்பிய ஆட்கள் டீக்கடையில் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றாயே, இந்தப் பகுதியை நீ என்னைவிட நன்றாகப் படிப்பாய்.

இதே போன்ற கதைகள் வேறும் உண்டு. யோர்ன் லியர் ஹோர்ஸ்ட் என்ற நார்வேக்காரர், தானே போலீஸ் அதிகாரியாக இருந்தவர், 2012-இல் ஒரு நாவல் எழுதினார். ஆங்கிலத்தில் ‘தி ஹண்டிங் டாக்ஸ்’. வில்லியம் விஸ்டிங் என்ற அதிகாரி பல வருஷங்களுக்கு முன் முடித்த கொலை வழக்கில் தடயம் ஜோடிக்கப்பட்டது என்று தெரியவந்து அவரைப் பணியிடை நீக்கம் செய்கிறார்கள். ஜோடித்தது அவர் இல்லை. யார் என்று அவரே கண்டுபிடிக்கப் புறப்படுகிறார். பரிசுகள் பெற்ற நாவல், வேலையின் நுணுக்கம் தெரிந்தவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். இருந்தாலும் உனக்கு நான் அதைச் சொல்லவில்லை. விஸ்டிங் தன் பெயரைத் துடைத்துக்கொள்ளப் போகிறார். அது நியாயம், ஆனால் அது நடக்க அவருக்கு ஓரளவு நேர்மையான ஒரு நாடு இருக்கிறது. அர்க்காடிக்கு அந்த வசதி இல்லை. அவன் பெயரைத் துடைக்க அங்கே துணியே கிடையாது என்று அவனுக்குத் தெரியும். தன் வழக்கைப் பற்றி அவன் யாரிடமும் வாதாடுவதில்லை, அந்தப் பெண்ணின் வழக்கைப் பற்றி மட்டும் வாதாடுகிறான். ஒன்றைக் கவனித்தாயா? தன்னைப் பற்றிப் பேசாததால்தான் அவன் பேச்சுக்கு அந்தக் கப்பலில் மெல்ல மெல்ல எடை கூடுகிறது.

மூன்றாவது நாவல் ‘ரெட் ஸ்குவேர்’. 1991-இல் நடக்கிறது. அர்க்காடி மாஸ்கோவில் மறுபடி புலனாய்வாளன். அதாவது உனக்கு வந்த அதே ஆர்டர் அவனுக்கும் வந்துவிட்டது. அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஒன்றும் ஆகவில்லை. கள்ளச்சந்தைப் பணக்காரன் ஒருவன் காரோடு எரிகிறான், அர்க்காடி தோண்டுகிறான், மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆகஸ்டில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி வருகிறது, அதற்குள்ளும் அவன் இருக்கிறான். சோவியத் யூனியனே இல்லாமல் போன பின்பும் அடுத்தடுத்த நாவல்களில் கியூபாவுக்கும் செர்னோபிலுக்கும் போகிறான். கொடி மாறுகிறது, மேலதிகாரியின் கோட்டு மாறுகிறது, அவன்மேல் அவர்களுக்கு உள்ள எரிச்சல் மாறவில்லை. பழையபடி வேலைக்கு வந்துவிட்டதால் எல்லாம் நேராகிவிடும் என்று ஸ்மித் ஓரிடத்திலும் ஆசை காட்டவில்லை. நானும் உனக்குக் காட்ட மாட்டேன். ஆர்டரில் போட்டிருக்கும் புது மாவட்டத்தில் உன்னைக் கோர்ட் டூட்டியிலோ பந்தோபஸ்திலோதான் போடுவார்கள். உன் கோப்பு உனக்கு முன்பே அங்கே போயிருக்கும்.

எழுதியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்மித்துக்கு 1995-இல் பார்க்கின்சன் நோய் என்று சொல்லிவிட்டார்கள். 2013 வரை வாசகர்களுக்கு அவர் அதைச் சொல்லவில்லை. கையால் தட்டச்ச முடியாமல் போனதும் அவர் சொல்லச் சொல்ல அவர் மனைவி தட்டச்சு செய்தார். கடைசி அர்க்காடி நாவல் இந்த வருஷம்தான் வந்தது. அதற்கு முந்தையதில் அர்க்காடிக்கே பார்க்கின்சன் வந்துவிடுகிறது. அப்போதும் அவன் விசாரணைக்குப் போகிறான். அந்த மனிதர் தனக்குத் தெரிந்ததைத்தான் எழுதினார் என்று நம்புகிறேன்.

இப்போது உன் காரியத்துக்கு வருகிறேன்.

ஆர்டரைப் படித்தேன். தற்காலிகப் பணிநீக்கக் காலத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பது பற்றித் தனியாக ஆணை பிறப்பிக்கப்படும் என்று கடைசியில் இருக்கிறது. அந்த வரியை அலட்சியமாக விடாதே. அடிப்படை விதி 54-பி-யின் கீழ் அந்தக் காலம் முழுவதையும் பணிக்காலமாகக் கருத வேண்டும், முழுச் சம்பளம் வழங்க வேண்டும் என்று சேர்ந்த கையோடு விண்ணப்பம் கொடு. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்ற விசாரணை அறிக்கையின் நகலை இணை. நீ கேட்காமல் விட்டால் அதை விடுப்பில் கழித்துவிடுவார்கள், பிறகு பதவி உயர்வில் அடிக்கும். வரைவை நான் எழுதி அனுப்புகிறேன், உன் கையெழுத்தில் நீ எழுது. அர்க்காடிக்கு இப்படி ஒரு விதி இருக்கவில்லை, உனக்கு இருக்கிறது. பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்காதே. அது உன் பிள்ளைகளின் பணம்.

பழைய ஸ்டேஷன் ஆட்களைப் பற்றிப் புது இடத்தில் பேசாதே. யாராவது கிளறினால் விசாரணை முடிந்துவிட்டது என்று மட்டும் சொல். உன் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற ஒரு நடாஷா எந்த ஸ்டேஷனிலும் இருப்பாள், அது ரைட்டராகவும் இருக்கலாம், புதிதாக வந்த பெண் காவலராகவும் இருக்கலாம்.

எனக்குப் பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உனக்கு மறுபடி ஏதாவது வந்துவிடுமோ என்று இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிடுகிறேன், அத்தானோடு சேர்ந்து கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னால் கதவைத் திறந்து வைப்பேன், ஒரு கேள்வி கேட்க மாட்டேன். போகாமல் இருப்பதில் அவமானம் எதுவும் இல்லை. போவதானால் மட்டும் உன் கண்ணோடு போ. சொன்னதைச் செய்து சம்பளம் வாங்கும் ஆளாக நீ போய் உட்காருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு நீ இவ்வளவு பட்டிருக்கவே வேண்டாம், அன்றைக்கே வயிற்றுவலி என்று எழுதியிருக்கலாமே.

அந்தப் பெண்ணின் வழக்கு இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. புகாரைப் பதிவு செய்தவன் என்ற முறையில் நீ அரசுத் தரப்பு சாட்சி. உனக்குச் சம்மன் வரும். அந்தத் தேதிக்கு லீவு தரமாட்டேன் என்பார்கள், பந்தோபஸ்து இருக்கிறது என்பார்கள், இரண்டு வாய்தா போகட்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். முதல் சம்மனுக்கே போ. குறுக்கு விசாரணையில் உன் சஸ்பென்ஷனை இழுப்பார்கள். ஆமாம், இருந்தேன், குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு, அந்தத் தாய் அன்றைக்கு உன்னிடம் சொன்னது என்ன என்பதை முழுவதும் சொல். கூண்டில் நீ ஏறும்போது அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருப்பாள்.

சேர்ந்ததும் போன் செய். பிள்ளைகளுக்கு என் முத்தம். மகளை மறுபடி டியூஷனுக்கு அனுப்பு, இந்த மாதப் பணம் நான் அனுப்புகிறேன், மறுக்காதே.

அன்புடன்,
உன் அக்கா